கன்றின் முதுகில்

“…இருட்டுல கிடந்து யாருக்கு என்ன லாபம், சொல்லுங்கக்கா? திருடின மாதிரி பார்க்கறீங்க. உங்க கொழுந்தன்தான் எடுத்துட்டு வந்தார். இவனுக்காவது தாயத்தா உதவட்டுமே.”



அவள் கொழுந்தன் மனைவியின் இடுப்பில் இருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் கழுத்தில் ஒரு கன்று. மாக்கல்லில் செதுக்கியது. கால்களை மடக்கிப் படுத்திருந்தது. ஒரு நகத்தின் அளவு.

போன மழைக்காலத்தில், செத்துப்போன மகளின் கழுத்தில் அவள்தான் அதை மறுபடி கட்டினாள். அவிழாதபடி முடிச்சைப் பல்லால் இறுக்கினாள்.

கிரீட் தீவின் அந்த மலைச்சரிவில் ஊருக்கே ஒரு கல்லறைதான். வட்டமாக, கல்லால் கட்டியது. தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். புதிதாக ஒருவர் வந்தால், பழையவர்களை ஓரமாக ஒதுக்குவார்கள்.

இன்று மாமியார் வந்திருக்கிறாள். வாசலில், பிணத்துணிக்குள் காத்திருக்கிறாள்.

விடிந்ததும் கொழுந்தன் விளக்குமாறோடு உள்ளே போனான்.

வழக்கம்தான். எந்த எலும்பு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

அவளும் இதற்குமுன் கேட்டதில்லை.

கழற்றிக் கொடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

குழந்தை இருமியது.

மகளுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அப்போதும் இந்தக் கன்று கழுத்தில்தான் இருந்தது.

அதை அவள் சொல்லவில்லை.

கன்றின் முதுகில் இரண்டு சின்னக் குழிகள். முதல் பற்கள் முளைத்தபோது மகள் கடித்தது. மாக்கல் அவ்வளவு மெத்தென்ற கல். நகம் பட்டாலே கோடு விழும்.

உள்ளே இருக்கும் குவியலில் மகள் எது என்று இனி அவளாலும் சொல்ல முடியாது. இந்தக் குழிகளைச் சொல்ல முடியும்.

குழந்தை கன்றை இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. அதற்கும் பல் முளைக்கும் வயது.

கல்லில் பல் உரசும் சத்தம்.

அவள் ஓரடி முன்னால் வந்தாள். கொழுந்தன் மனைவி சட்டென்று குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். கன்றின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

மறுபடியும் அந்தச் சத்தம்.

“கழற்ற வேண்டாம்மா. அவனே போட்டுக்கட்டும். கடிக்க மட்டும் விடாதே.”