துதிக்கையின் நுனி

1987 ஆகஸ்டு 12, புதன்கிழமை. காலைத் தூறல் நின்று, பிற்பகலில் வெயில் அடித்தது. காட்டு லக்ரோஸ் கழகத்தின் விதித் திருத்தக் கூட்டம் ஆமையின் தலைமையில் கூடியது.

லக்ரோஸ் ஆட்டத்தில் வலைக்கோலால் எறிந்த பந்து இலக்குத் தவறி எல்லைக்கோட்டைத் தாண்டினால், அதற்கு மிக அருகில் நிற்பவரின் அணிக்கே பந்து என்பது விதி. முயலுக்கு எறியவும் வராது, தடுக்கவும் வராது. பந்தைத் துரத்தி ஓடுவதற்காகவே அதன் அணி அதை வைத்திருந்தது.

எதிரணி யானை எழுந்தது. "தூரத்தைக் காலிலிருந்து அளப்பது அநியாயம், தலைவரே. துதிக்கை நுனியிலிருந்து அளக்க வேண்டும்."

"ஓட முடியாதவர் நீட்டிப் பார்க்கிறீர்களோ, அண்ணா?" என்றது முயல்.

"ஓடுவதைத் தவிர உனக்கு வேறென்ன தெரியும், தம்பி?"

ஆமை இருமியது. "ஒருவருக்காக விதி எழுத இயலாது. உடலின் எந்தப் பகுதியிலிருந்தும் அளக்கலாம் என்று எழுதுவோம்."

முயல் சிரித்தது. "எனக்குச் சம்மதம். எங்கள் அணியில் மலைப்பாம்பைச் சேர்க்கப்போகிறோம், அண்ணா."

தான் கொண்டுவந்த திருத்தத்தைத் தானே எதிர்க்க யானைக்கு வெட்கமாக இருந்தது. விதி ஒருமனதாக நிறைவேறியது.

அடுத்த ஆட்டத்தில் மலைப்பாம்பு எல்லைக்கோட்டை ஒட்டி நீளப் படுத்து உறங்கியது. வெளியேறிய பந்தெல்லாம் முயலின் அணிக்கே கிடைத்தது. துரத்த ஆள் தேவைப்படாததால் முயலே அணியிலிருந்து நீக்கப்பட்டது. பழைய விதியை மீட்கக் கோரி அது ஒரு மனு எழுதியது. அதில் முதல் கையொப்பம் யானையுடையது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பரிசீலிப்பதாக ஆமை பதில் அனுப்பியது.