வெள்ளை வந்தால் புனே

"நம்ம கையில இன்னா கீது சம்மந்தி? பூ போட்டுப் பாத்துடலாம். ஆத்தா சொல்றபடி நடக்கட்டும்" என்றாள் வடிவு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வடிவு என் பெண் சுரேகாவின் மாமியார். சுரேகாவுக்கு புனே ஆபீசில் மேனேஜர் வேலை, இரண்டு வருஷத்துக்கு. அம்பத்தூர் எஸ்டேட் கிளையிலிருந்து இதுவரை ஒரு பெண்ணைக்கூட அனுப்பியதில்லையாம். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இதைப் போய் ஒரு பூ முடிவு பண்ணுவதா?

"மூளைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு சம்மந்தி? அவங்கவங்க வாழ்க்கையை அவங்கவங்கதான் முடிவு பண்ணணும்" என்றேன். கான்வென்ட்டில் சிஸ்டர் பிரம்பால் புகட்டிய பாடம். லேசில் மறக்காது.

"அப்போ சுரேகாவையே கேட்டுடலாமா?"

"அவளை என்ன கேக்கறது? போகத்தான் போறா."

சுரேகா செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "பூவே போட்டுப் பாத்துடலாம்மா" என்றாள்.

மாப்பிள்ளை கோபிக்கு ஆவடியில் பீரங்கி வண்டி செய்கிற இடத்தில் வேலை. வீட்டில் வெள்ளைக்கொடி. "நீங்க ரெண்டு பேரும் எது சொன்னாலும் சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்தப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

ஆக, தெருமுனை அம்மன் கோயில். வெள்ளை வந்தால் புனே, சிவப்பு வந்தால் அம்பத்தூரே.

"இத்தக் கொஞ்சம் புடி சம்மந்தி, சுத்திட்டு வந்துடறோம்" என்று மஞ்சப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, மருமகளோடு பிராகாரம் சுற்றப் போனாள் வடிவு.

பைக்குள் இரண்டு காகிதப் பொட்டலம். வாசலிலேயே பூக்கடை இருக்க, வீட்டிலிருந்தே மடித்துக்கொண்டு வருவானேன்?

ஒன்றைப் பிரித்தேன். செவ்வரளி.

மற்றதையும் பிரித்தேன். அதுவும் செவ்வரளி.

அடி சாமர்த்தியக்காரி! ஆத்தா வாயில் இவள் பேசுகிறாளா?

மானத்தை வாங்கியிருப்பேன். ஆனால் நாளைக்கு என் பெண்தானே அந்த வீட்டில் குப்பை கொட்ட வேண்டும்? சத்தம் போடாமல் பூக்கார ராணியிடம் இரண்டு நந்தியாவட்டை வாங்கினேன். அரளி என் கைப்பைக்குள் போனது. நந்தியாவட்டை பொட்டலத்துக்குள் போனது.

பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்தார். ராணியின் நாலு வயசு மகள் சிம்ரன், மூக்கை நன்றாகச் சொறிந்துவிட்டு, ஒன்றை எடுத்துக் கொடுத்தது.

வெள்ளை.

வடிவின் முகம் எப்படிச் சுருங்குகிறது என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தேன். அவளோ கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தாவே சொல்லிட்டா. நிம்மதியா போய்ட்டு வா கண்ணு. ஊட்ட நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

நடிப்பிலும் கெட்டிக்காரிதான்.

சுரேகாதான் வெளிறிப் போயிருந்தாள். செருப்பு விட்ட இடத்தில் என் கையைப் பிடித்துத் தனியே இழுத்தாள்.

"அம்மா, எப்படிம்மா வெள்ளை வந்துச்சு?"

"ஏன், வரக்கூடாதா?"

"வரவே முடியாதும்மா. ரெண்டுலயும் அரளிதான் வெச்சேன். நான்தான் மடிச்சேன். அத்தைக்குத் தெரியாது."

"நீயா? ஏண்டி?"

"எனக்குப் போகவே இஷ்டமில்லம்மா. நான் சொன்னா நீ விடுவியா? ஆத்தா சொன்னாலாவது நீ வாயை மூடிப்பியேன்னு பாத்தேன்."

கோபி வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தார். வடிவு பிரசாதத் தட்டோடு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். சுரேகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"நம்ம கையில என்னடி இருக்கு? எல்லாம் ஆத்தா செயல்."