தூசணம் பேசினவர்

“முதலாளி, உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கோ?”

பலசரக்குக் கடை வாசலில் நின்று சுவர்ணா கத்தினாள்.

லண்டன் லூயிஷாமில் சச்சிதானந்தனை எல்லோரும் ‘பாரிஸ் அண்ணை’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரான்ஸில் பல வருடம் இருந்துவிட்டு வந்து இங்கே கடை போட்டவர். போன மாதம் வரை சுவர்ணாவும் அப்படித்தான் கூப்பிட்டாள். இன்றைக்கு ‘முதலாளி’.

முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“என்ன தங்கச்சி?”

“தங்கச்சியோ? தங்கச்சியின்ர புருசனைத்தான் வேலையால துரத்தினீங்களோ? கடை திறந்த நாளில இருந்து மாடா உழைச்ச மனுசன்!”

“ஆறுதலா இருந்து கதைப்பம்...”

“என்னத்தைக் கதைக்கிறது? ஜொப் சென்டரால வாறன். வேலை இல்லாதவைக்குக் குடுக்கிற பெனிபிட் காசு இல்லையாம். ஆறு மாதத்துக்கு!”

சச்சிதானந்தனின் முகம் மாறியது.

“இல்லையோ? ஏன் இல்லை?”

“என்னையே கேக்கிறீங்களோ? அவங்கள் உங்களிட்டை விசாரிச்சவங்கள்தானே? ‘என்னட்டை வேலை செய்த பாலேந்திரா, கடைக்கு வாற சனத்தைத் தூசணத்தால பேசினவர், அதுதான் துரத்தினனான்’ எண்டு நீங்கள் எழுதிக் குடுக்கேல்லையோ? யாவாரம் படுத்து ஆளைக் குறைச்சிருந்தால் காசு தந்திருப்பினமாம். குற்றம் செய்து துரத்தப்பட்டவைக்கு இப்ப இல்லையாம். ஜொப் சென்டர் பிள்ளை கம்ப்யூட்டரைப் பாத்து வாசிக்குது, இவர் தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறார். இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. தூசணம்! ஒரு கெட்ட வார்த்தை அவற்ற வாயில வராது. எங்கட வீட்டில எலி ஓடினாலும் ‘போங்கோ’ எண்டு சொல்லுற மனுசன்!”

மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற நாகேஸ்வரி கூடையோடு கிட்ட வந்தாள். வாரா வாரம் இங்கேதான் சாமான் வாங்குகிறவள்.

“ஆர், பாலேந்திரா அண்ணையோ தூசணம் பேசினவர்? சம்பளத்தை மிச்சம் பிடிக்க இது ஒரு சாட்டு. வெள்ளைக்காரன்கூட இப்பிடிச் செய்யமாட்டான்.”

“நீங்களே கேளுங்கோ அக்கா! நான் கிட்னி வருத்தக்காரி. கிழமைக்கு மூண்டு நாள் டயலிசிஸ். எனக்காக அவர் லீவு எடுக்க நான் விட்டதே இல்லை. ஒருக்கா அரைநாள் என்னோட வரப் பாத்தவர். சண்டை பிடிச்சு வேலைக்குக் கலைச்சனான். என்ர வருத்தத்தால அவற்ற உழைப்புக் கெடக் கூடாது எண்டு அவ்வளவு வைராக்கியமா இருந்தனான். இப்ப பாருங்கோ, என்ர பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்னால பின்னால வாறார். பாக்க வயிறு எரியுது. வீட்டு வாடகைக்கு நாங்கள் எங்க போறது?”

நாகேஸ்வரி கூடையை அப்படியே கீழே வைத்தாள்.

“எனக்கு ஒரு சாமானும் வேண்டாம். இனி இந்தக் கடைப்படி மிதிக்கமாட்டன். கோயிலில எல்லாருக்கும் சொல்லத்தான் போறன். பெரிய பாரிஸ் அண்ணை!”

“சொல்லுங்கோ” என்றார் சச்சிதானந்தன்.

நாகேஸ்வரி வெளியேறிக் கதவை அடித்துச் சாத்தும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“இரும் தங்கச்சி.”

“இருக்கமாட்டன்.”

“பாரிஸில நாங்களா வேலையை விட்டால்தான் காசில்லை. முதலாளி துரத்தினால், என்ன குற்றத்துக்குத் துரத்தினாலும் காசு குடுப்பாங்கள். என்னோட வேலை செய்த பெடியளுக்கு அப்பிடித்தான் கிடைச்சது. இஞ்சயும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டன். ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. என்ர மொக்குத்தனம்.”

சுவர்ணாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அப்ப, அவர் தூசணம் பேசேல்லையோ?”

“அவருக்கு ஒரு தூசணமாவது தெரியுமோ? என்ன குற்றம் எழுதலாம் எண்டு நான்தான் மண்டையைப் போட்டு உடைச்சனான்.”

“பொய் எழுதியோ துரத்தினீங்கள்! அவர் உங்களுக்கு என்ன செய்தவர்?”

“நான் துரத்தேல்லை. வேலையை விடப்போறன் எண்டு அவர்தான் வந்து நிண்டவர். உமக்குச் சொல்லக் கூடாது எண்டு சத்தியமும் வாங்கினவர். இனி மறைச்சுப் பலனில்லை. நான் எழுதினது பொய் எண்டு ஜொப் சென்டருக்குச் சொல்லப்போறன். அவங்கள் என்ன செய்வாங்களோ தெரியாது. அதுக்கு முதல் நீர் தெரிஞ்சுகொள்ளவேணும்.”

“இந்தக் காலத்தில ஆரும் வேலையை விடுவினமோ? அவருக்கென்ன விசரோ?”

சச்சிதானந்தன் அவளுடைய கையைப் பார்த்தார். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. அவள் சட்டென்று சால்வையை இழுத்து மூடினாள்.

“நீர் டயலிசிஸ் முடிஞ்சு வரேக்க பஸ்ஸில மயங்கி விழுந்தனீர் எல்லே, அதுக்கு அடுத்த நாள் வந்தவர். லீவு தாறன், எடும் எண்டன். கேக்கேல்லை.”

“ஏன்?”

கடையின் கண்ணாடிக்கு வெளியே, பஸ் ஸ்டொப்பில் பாலேந்திரா நின்றார். அவளுடைய ஆஸ்பத்திரிப் பை அவர் தோளில் தொங்கியது.

“‘லீவு எடுத்தால் அவள் என்னை வேலைக்குக் கலைச்சுப்போடுவாள் அண்ணை. வேலையே இல்லாட்டி எங்க கலைப்பாள்?’ எண்டு கேட்டவர்.”