பழைய கெர்னலே போதும்

"இந்த வீட்டுல ஒண்ணு என் குரல் இருக்கணும், இல்ல உன் கெர்னல் இருக்கணும்!"

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான் கணவன். விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவன். கோபத்தில்கூட உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

"என்னங்க ஆச்சு?" திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்களை விட்டு எழுந்து வந்தாள் மனைவி. கணக்கு டீச்சர்.

"அனுப்பின பதிவு திரும்பி வந்துடுச்சு. பின்னாடி 'உய்ய்ய்'னு சத்தமாம். சோப்பு விளம்பரமா, ஹெலிகாப்டர் விளம்பரமான்னு கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள மறுபடி கொடுக்கலைன்னா வேற ஆளைக் கூப்பிட்டுடுவாங்க."

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் குட்டி விசிறி அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தது.

"அதை அடக்கத்தானே நான் இதுலயே இறங்கினேன்?"

உண்மைதான். விசிறி, திரை, கீபோர்டு எல்லாவற்றையும் உள்ளே உட்கார்ந்து மேய்க்கிற மென்பொருள்தான் கெர்னல். யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தி அதன் பொறுப்பாளருக்கு அனுப்பலாம்; சரியாக இருந்தால் எல்லோருக்கும் போகிற கெர்னலில் அவர் சேர்த்துக்கொள்வார். புதிதாக வருபவர்கள் தங்கள் மெஷினில் தங்களுக்குத் தொல்லை தருகிற சின்ன விஷயத்தில் ஆரம்பிப்பது நல்லது என்று எங்கோ படித்திருந்தாள். விசிறியைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் அனுப்பியதற்கு, "வரிகளில் இடைவெளி சரியில்லை" என்று குட்டினார் பொறுப்பாளர். அடுத்ததற்கு, "ஒரு மெயிலில் ஒரு திருத்தம் போதும்." ஊரையே குட்டுகிற டீச்சருக்கு இது புது அனுபவம். மூன்றாவதற்கு வந்த பதில்தான் அவளைத் தூங்கவிடவில்லை: "ஓட்டிப் பார்க்காமலா அனுப்புகிறீர்கள்? அந்த மெஷினோடு குடித்தனம் நடத்துகிற யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்லட்டும். சேர்த்துக்கொள்கிறேன்."

குடித்தனம் நடத்துகிற ஆள் இவன்தான். இவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வர வேண்டும்.

"முந்தாநாள் உன் கெர்னலைப் போட்டே. அதுக்கு முன்னாடி லேசா முனகிட்டு இருந்துது. இப்ப ஊளையிடுது. என் காது பொய் சொல்லாது, டீச்சர்."

அவள் முகம் வாடிப்போயிற்று. எவ்வளவு ஆசையாகச் செய்தது!

"பழையதையே போட்டுக் கொடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் உட்கார்ந்து ஏதோ தட்டினாள். திரையில் வந்ததைப் படித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மாத்திடறேங்க. ஒரு தடவை அணைச்சுப் போடணும், அவ்வளவுதான்."

மெஷின் அணைந்து மறுபடி எழுந்தது. விசிறி ஒருமுறை செருமிவிட்டு அடங்கியது. அறையில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது.

"அப்பாடா!" ஹெட்போனை மாட்டி, சோப்பின் நறுமணத்தை இரண்டு தடவை புகழ்ந்து பார்த்தான். "கேட்டியா? சத்தமே இல்லை! கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் என்ன மடையனா? எதை எப்படி வைக்கணும்னு அவனுக்குத் தெரியாதா?"

"நல்லா இருக்குன்னு சொல்றீங்க?"

"நல்லா இருக்காவது! அற்புதம்!"

"இதை அப்படியே என் பொறுப்பாளருக்கு எழுதட்டுமா?"

"தாராளமா எழுது. என் பேரைப் போட்டே எழுது. அப்பவாவது அந்த மனுஷன் உன்னை விட்டுடுவாரு."

அவள் எழுதினாள். அவன் சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. அனுப்பியும்விட்டாள்.

"கோபமா, டீச்சர்?" அவன் குரல் இறங்கியது. "உன் கெர்னலை இனிமே சேர்க்க மாட்டாரு, இல்ல?"

"சேர்த்துடுவாருங்க. முந்தாநாள் அதைப் போட்டேனே தவிர, மெஷின் ஆரம்பிக்கும்போது அதைத் தேர்ந்தெடுக்க மறந்துட்டேன். இவ்வளவு நேரம் ஊளையிட்டது உங்க பழைய கெர்னல், இப்ப நீங்க அற்புதம்னு சொன்னதுதான் என்னோடது."