கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு

கணக்கு வாத்தியார் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணைச் சொன்னால் அதோடு விடமாட்டார். 73939133 பகா எண். வலப்பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக எடுத்துவிட்டாலும், ஏழு வரை மிஞ்சுவதெல்லாம் பகா எண்தான் என்று ஆளை நிற்கவைத்து நிரூபிப்பார். மனைவி இறந்த பிறகாவது அடங்குவார் என்று தெருவே நம்பியது.

ஒருநாள் காய்கறிக் கடையிலிருந்து பழக்கதோஷத்தில் வீட்டுக்குக் கூப்பிட்டவர், கடைசி இலக்கமான மூன்றை அழுத்த மறந்துவிட்டார். மணி அடித்தது. மனைவி எடுத்தாள்.

“அழுகின தக்காளியாப் பொறுக்கிட்டு வராதீங்க.”

மறுபடி அதே எண்ணை அழுத்தினால் யாரும் எடுக்கவில்லை. இன்னோர் இலக்கத்தைக் குறைத்தார், எடுத்தாள். இப்படியே குறைந்து ஏழு மட்டும் மிஞ்சியது. அதை அழுத்த மனம் வராமல் வெகுநாள் இழுத்தடித்தார். பிறகு அழுத்தினார்.

“இதோட எண் தீர்ந்துதும்மா. இனிமே எப்படிப் பேசுறது?”

“வாத்தியாருக்கு இதுகூடவா தெரியாது? எதையும் அழுத்தாதீங்க. சும்மா காதுல வைங்க.”

மறுநாள் அவர் வீட்டுக் கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி, அக்கறை பாதி வம்பு பாதியாக, எட்டு இலக்கத்தையும் அழுத்தினாள். வாத்தியார் மனைவி எடுத்தாள்.

“அவரா? இங்கதான், என் பக்கத்துல இருக்கார்க்கா. குடுக்கட்டுமா?”