திறக்காத எழுத்து

கடற்படை டிரக் ஒன்று போக, அச்சகத்தின் கண்ணாடிக் கதவு அதிர்கிறது. சோதனைச்சாவடியில் கடற்படை பிடித்துக்கொண்டு போன யோகலிங்கம் இங்கே கடைசியாகத் தட்டச்சு செய்ததைப் பார்க்க, அவன் தாய் கனகம்மா வந்து கதிரை நுனியில் இருக்கிறாள். கணினிக்குப் புதுச் சிஸ்டம் போட்டதிலிருந்து பழைய தமிழ் மென்பொருள் ஓடமாட்டேனென்கிறது. அவன் கோப்பைத் திறந்தால் திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். “வாசிக்க ஏலாது மாமி,” என்கிறான் யோகலிங்கத்தோடு கூட வேலைசெய்த அபூதாஹிர். அவள் எழும்பவில்லை. அவன் மறுபடி முதல் வரியைப் பார்க்கிறான். விரல்கள் பழக்கத்தில் விசைகளைத் தேடிப் போகின்றன. பழைய மென்பொருளில் ஆங்கில எம் தட்டினால் அ. கே தட்டினால் ம. “அம்மா,” என்று மெல்ல வாசிக்கிறான். “ஓம் ராசா,” என்கிறாள் அவள், திரையைப் பார்த்து.