வெள்ளிக்கிழமைப் பொட்டலம்

"இந்த ஒரு வார்த்தையை நீக்கிட்டு வாங்க தம்பி, கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடறேன்."

விற்பனை மேலாளருக்குச் சுருக்கென்றது. மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கிய புது பிஸ்கட் உறை. அதில் கொட்டை எழுத்தில் இருந்த 'ஆரோக்கியம்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்!

வட்டம் போட்டவர் பரிசோதனைக்கூடத்து அதிகாரி. தொழிற்சாலையில் அவருக்கு 'தராசு அக்கா' என்று பெயர். மாவானாலும் பேச்சானாலும் எடை போடாமல் விடமாட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு உறை அச்சுக்குப் போகாது.

"எட்டு வைட்டமின் சேர்த்திருக்கோமே அக்கா! அப்புறமும் ஆரோக்கியம் இல்லைன்னா எப்படி?"

"வைட்டமின் சேர்த்ததுன்னு போடுங்க, அது நிஜம். ஆனா சர்க்கரை குறைஞ்சிருக்கா? எண்ணெய் குறைஞ்சிருக்கா? அழுக்குச் சட்டைக்கு சென்ட் அடிச்சா துவைச்ச சட்டை ஆயிடுமா?"

"என் பொண்ணையே எடுத்துக்குங்க. நாலு வயசு. நம்ம பிஸ்கட்டைத் தவிர வேற எதையும் தொடமாட்டா. ஓடியாடிக்கிட்டு இல்லையா? இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு விழுங்கிக்கொண்டார்.

"இந்த ஒரு வார்த்தையை நம்பி, பழத்தை நிறுத்திட்டு பிஸ்கட்டைக் குடுக்கற வீடுங்க இருக்கும் தம்பி. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

மேலாளர் வாரத்தில் நாலு நாள் வெளியூர் சுற்றுகிறவர். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பொரிந்து தள்ளினார்.

"வாராவாரம் வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குன்னு பிஸ்கட் பொட்டலம் குடுத்து ஐஸ் வைக்குது. காரியம்னு வந்தா காலை வாருது!"

"விடுங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் மனைவி.

அவருக்கு இன்னும் எரிந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்று பரிசோதனைக்கூடத்துக்குப் போனார். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே தராசு அக்கா. குட்டித் தராசில் மஞ்சள் நிறப் பவுடர் ஒன்றை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தார். சர்க்கரைப் பாகில் கலந்தார். ஒரு தட்டு நிறைய இருந்த பிஸ்கட்டுகளின் மேல், சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தடவ ஆரம்பித்தார்.

மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. வைட்டமின் பவுடர்! கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் மகராசி!

ஐந்தாவது நிமிஷம் முதலாளியைக் கையோடு அழைத்துவந்துவிட்டார்.

"பாருங்க சார்! என் பிஸ்கட்டுக்கு ஆயிரம் நொட்டை சொல்லிட்டு, இங்கே தனியா வைட்டமின் பிஸ்கட் தயாராகுது. எந்தப் போட்டிக் கம்பெனிக்கோ!"

முதலாளி தட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"பவுடர் நான் வெளியில வாங்கினது சார். என் சாப்பாட்டு நேரத்துலதான் செய்யறேன். வேற கம்பெனிக்கு இல்லை."

"பின்னே யாருக்கு?"

"சொல்லமாட்டேன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"சொல்லலைன்னா உங்களை வேலையில வச்சுக்க முடியாதும்மா. இது சாப்பிடற பொருள் செய்யற இடம்."

அக்கா இருபத்திரண்டு வருஷமாக அந்த மேஜையில் வேலை பார்த்தவர். வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடித்து, நாற்காலியின் மேல் வைத்தார்.

"சரிங்க சார். ஆனா இந்தத் தட்டை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். போன வாரம் குடுத்தது திங்கட்கிழமைக்குள்ள தீர்ந்துடும், ஒரு நாள்கூட விடக்கூடாது."

ஜெயித்துவிட்ட மேலாளர் அதோடு விடவில்லை.

"பேச்சை மாத்தறாங்க சார். அந்த அட்டையில என்ன இருக்குன்னு பாருங்க."

தராசுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை. அதில் ஒரு காகிதம் கிளிப் போட்டிருந்தது. அக்கா எட்டிப் பிடிப்பதற்குள் முதலாளி எடுத்துவிட்டார்.

படித்தார். நிமிர்ந்து மேலாளரை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு வெள்ளைக் கோட்டை எடுத்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, அட்டையை மேலாளரிடம் நீட்டினார்.

குழந்தைகள் டாக்டரின் சீட்டு.

'பெண் குழந்தை, நான்கு வயது. ஒரே வகை பிஸ்கட்டைத் தவிர வேறு உணவு இல்லை. சத்துக்குறைவு அதிகம். மருந்தைத் துப்பிவிடுகிறாள். சாப்பிடும் பிஸ்கட்டிலேயே கீழ்க்கண்ட அளவில் தினமும் கலந்து கொடுக்கலாம்.'

அளவுக்குக் கீழே நீல மையில் சில வரிகள். அந்தக் கையெழுத்தைக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்குத் தெரியும்.

'அக்கா, நீங்க சொன்ன மாதிரி ரெண்டு பிஸ்கட்டுக்கு நடுவுல வாழைப்பழம் வச்சுக் குடுத்தேன். பாப்பா துப்பலை! உங்களுக்குக் கோயில் கட்டணும். இவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. தெரிஞ்சா, 'டாக்டரே எழுதிக் குடுத்த பிஸ்கட்'னு மறுநாளே விளம்பரத்துல போட்டுடுவார்.'